சி.ஆர்.பி. 11.8, வருசத்துக்கு ஐஞ்சு தடிமன்: பிழை சாப்பாட்டிலயா, கதிரையிலயா?

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 9.42

வணக்கம். வயது 44, வேலை கணக்கு. வெள்ளவத்தையில ஆறாம் மாடி ஃபிளட். 2020 ஊரடங்கில வீட்டுக்கு வந்த ஒஃபிஸ் இன்னும் திரும்பிப் போகேல்லை. காலமை எட்டரைக்கு மடிக்கணினிக்கு முன்னால குந்தினால் பின்னேரம் ஆறு மணி. நடுவில எழும்புறது ரீ போட மட்டும். அதுவும் கனநாள் மனிசி கொண்டுவந்து தந்திடுவா.

முந்தி 100ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு கோட்டைக்குப் போய்வந்த காலத்தில எனக்குத் தடிமன் வந்தது ஞாபகமே இல்லை. இப்ப வீட்டுக்குள்ளயே இருக்கிறன், ஆரோடயும் முட்டுறதில்லை, போன வருசம் மட்டும் ஐஞ்சு தரம் தடிமன். இது எனக்கு விளங்கேல்லை.

போன கிழமை கம்பனிச் செலவில முழு உடம்புப் பரிசோதனை. எச்.எஸ்.சி.ஆர்.பி. 11.8 எண்டு தடிச்ச எழுத்தில அடிச்சு, பக்கத்தில ‘உயர் அபாயம்’ எண்டு போட்டிருக்கு. வெறுவயித்துச் சீனி 108. இடுப்பு 98 சென்ரிமீற்றர். ‘உடம்பில அழற்சி இருக்கு’ எண்டு சொல்லி ரிப்போட்டைக் கையில தந்திட்டினம்.

மனிசியின்ர சொந்தக்காரர் ஒருத்தர் மஞ்சள், இஞ்சி, மிளகு கலந்த பவுடர் விக்கிறார். போத்தல் 6,500 ரூபா. அழற்சியைக் குறைக்குமாம், நோயெதிர்ப்பைக் கூட்டுமாம். வாங்கி மேசையில வைச்சிருக்கிறன், இன்னும் உடைக்கேல்லை. எங்களோட இருக்கிற அம்மாவுக்கும் குடுக்கச் சொல்லுறார். அவ இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் குளிசை போடுறவ.

கேள்வி இரண்டு. பவுடர் சரிவருமோ? இல்லையெண்டால் முதல்ல சாப்பாட்டில கை வைக்கிறதோ, கதிரையில இருந்து எழும்புறதோ?

தெமட்டகொடை நானா · ஞாயிறு, இரவு 9.58

6,500க்கு மஞ்சளா? 2020ல இறக்குமதிய நிப்பாட்டி எல்லாரும் மஞ்சளுக்கு அலஞ்சோமே, அந்த மனுசன் இன்னும் அந்த வருசத்துலேயே யாவாரம் பண்ற போல.

ஆய்வுகூடத்தான் · ஞாயிறு, இரவு 11.15

அண்ணை, பவுடர் இருக்கட்டும். முதலில் அந்த 11.8ஐப் பார்ப்போம். நான் இருபது வருசமாக ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவன், டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்து வாசியுங்கோ.

சி.ஆர்.பி. ஈரல் செய்கிற ஒரு புரதம்; எச்.எஸ். என்பது அதை நுணுக்கமாக அளக்கிற முறை. 1930இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனத்தில், நியுமோனியாக்காரரின் இரத்தத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமியில் ‘சி’ என்று பெயரிட்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு இது வினைபுரிந்தது, பெயரும் அப்படியே நின்றுவிட்டது. அழற்சி என்றால் கிருமிக்கோ காயத்துக்கோ எதிராக உடம்பு எழுப்புகிற வீக்கமும் சூடும். உடம்பில் எங்கே அது வந்தாலும் ஈரலுக்குச் செய்தி போகும், ஈரல் இதைக் கொட்டும். காரணம் தீர்ந்தால் கொட்டுவது நிற்கும், இரத்தத்தில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். எங்கே அழற்சி என்று மட்டும் அது சொல்லாது. தோட்டத்துச் சங்கு ஊதுவது மாதிரி. கேட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியும், எந்த லயத்தில் என்று தெரியாது.

இருதய அபாயத்துக்காகப் பார்க்கும்போது லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 1 தொடக்கம் 3 நடுத்தரம், 3க்கு மேலே கூட. ஆனால் 10ஐத் தாண்டினால் அந்த அளவுகோலே பொருந்தாது. எங்கேயோ புதிதாகக் கிருமித் தொற்றோ காயமோ இருக்கலாம் என்று எடுத்து, அது ஆறியபிறகு இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் பார்க்க வேண்டும். உங்கள் ரிப்போட்டில் ‘உயர் அபாயம்’ என்று அச்சடித்தது இயந்திரம். அதற்கு உங்களைத் தெரியாது.

ஆகவே சொல்லுங்கோ: இரத்தம் குடுத்த கிழமையில் காய்ச்சல், தடிமன், பல்லு வலி, புண், ஊசி ஏதும்?

கணக்குப்பிள்ளை · திங்கள், காலை 7.20

ஐயோ, பல்லு! கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால முரசு வீங்கி, கன்னம் ஒரு பக்கம் பணிஸ் மாதிரி இருந்தது. உப்புத் தண்ணியில கொப்பளிச்சு, வலிக்கு புரூஃபன் ரெண்டு போட்டிட்டு அப்பிடியே போய் இரத்தம் குடுத்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

ஆய்வுகூடத்தான் · திங்கள், காலை 7.41

பாதிக் கதை முடிந்தது. பல் டொக்டரிடம் போங்கோ. முரசு வருத்தம் நாட்பட்டால் அதுவே சி.ஆர்.பி.யை ஏற்றி வைத்திருக்கும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும். கொழும்பில் இருந்துகொண்டு காய்ச்சலோ உடம்பு உளைவோ வந்தால் ‘அழற்சிக் குளிசை’ என்று புரூஃபன், டைக்குளோஃபெனாக், அஸ்பிரின் தொடாதேங்கோ. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிற்றமோல் மட்டும்தான். டெங்கில் இரத்தத் தட்டுக்கள் குறைகிற நேரம் இந்தக் குளிசைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

சந்தேகக்கோடாலி · திங்கள், காலை 10.05

அப்படியென்றால் பல்லைப் பிடுங்கினால் அலுவல் முடிந்தது. இடுப்பு, கதிரை எல்லாம் சும்மா பயமுறுத்தலா?

ஆய்வுகூடத்தான் · திங்கள், பிற்பகல் 1.30

இல்லை. பல்லுக் கணக்கைக் கழித்தால் அடியில் என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. 98 சென்ரிமீற்றர் இடுப்போடு பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும். தெற்காசிய ஆம்பிளைகளுக்கு 90, பொம்பிளைகளுக்கு 80 என்பதுதான் எல்லை. வெள்ளைக்காரருக்குச் சொல்கிற அளவைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருக்க ஏலாது. எங்கட ஆக்களுக்குக் கையும் காலும் மெலிவாக இருக்கும், வண்டி மட்டும் முன்னுக்கு நிற்கும்.

அந்த வண்டிக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. குடலைச் சுற்றியிருக்கிற கொழுப்புக் கலங்கள் அளவுக்கு மிஞ்சி வீங்கும்போது ஒட்சிசன் போதாமல் சில செத்துப்போகும். செத்ததைத் துப்புரவாக்க வெண்குழியங்கள் வந்து குவியும். வந்தவை திரும்பிப் போகாமல் அங்கேயே குடியிருந்து, அழற்சியைத் தூண்டும் ரி.என்.எஃப்., ஐ.எல்.6 என்கிற பொருட்களைக் கசியவிடும். குடலில் இருந்து வருகிற இரத்தம் நேரே ஈரலுக்குள்தான் போகிறது. ஈரல் சும்மா இருக்குமா? தொற்று ஒன்றும் இல்லாமலே நாள் முழுக்கச் சி.ஆர்.பி. செய்துகொண்டிருக்கும். கொழுப்புத் திசு ரி.என்.எஃப். செய்கிறது என்பதை 1993இல்தான் எலிகளில் கண்டார்கள். அதுவரை கொழுப்பென்றால் வெறும் களஞ்சியம் என்றுதான் நாங்களும் படித்தோம்.

இப்போது தசைக்கு வாருங்கோ. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீங்கள் நடக்கும்போது சுருங்கி விரிகிற தசையும் அதே ஐ.எல்.6ஐத்தான் விடுகிறது. நீண்ட, கடும் பயிற்சியில் இரத்தத்தில் அதன் அளவு நூறு மடங்கு வரைகூட ஏறும். இதைத் துருவியவர்களில் முக்கியமானவர் கொப்பன்ஹேகனைச் சேர்ந்த பென்டே கிளார்லுண்ட் பீடர்சன். தசையில் இருந்து வரும்போது அதோடு ரி.என்.எஃப். கூட வருவதில்லை, பின்னாலேயே ஐ.எல்.10 போன்ற தணிக்கிற பொருட்களை அழைத்து வருகிறது, ஒரு சில மணித்தியாலத்தில் தானும் இறங்கிவிடுகிறது. ஒரே பொருள்தான். வண்டியில் இருந்து இருபத்திநாலு மணித்தியாலமும் கசிந்தால் ஒரு குணம், தொடையில் இருந்து அரை மணித்தியாலம் பாய்ந்து நின்றால் வேறு குணம்.

கதிரையில் இருக்கிறவருக்கு முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது. இரண்டாவது கிடைப்பதேயில்லை.

நடை ராசா · திங்கள், பின்னேரம் 5.10

ஆய்வுகூடத் தம்பி நன்றாகச் சொன்னார். நான் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன், வயது 71. பஸ்ஸில் தொங்கிய காலம் என்று கணக்குத் தம்பி எழுதியதும் எனக்கு ஒரு கதை நினைவு வந்தது.

1953இல் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்து ஊழியர் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து, லான்செற் மருத்துவ இதழில் எழுதினார். இரட்டைத் தட்டு பஸ். கீழே ஒருவர் நாள் முழுக்க இருந்து ஓட்டுகிறார், மற்றவர் ரிக்கற் குடுக்கத் தட்டுக்குத் தட்டு ஏறி இறங்குகிறார். ஒரு வேலைநாளில் நடத்துநர் ஏறியது 500 தொடக்கம் 750 படி. ஒரே கம்பனி, ஒரே தெரு. ஆனால் இருதய வருத்தம் சாரதிமாருக்கே கூடுதலாக வந்தது, வந்தால் சாவும் அவர்களில்தான் அதிகம். லண்டனில் ஓடிக் களைத்த இரட்டைத் தட்டுகளைப் பிறகு எங்கட போக்குவரத்துச் சபையும் வாங்கிக் கொழும்பில் ஓடவிட்டது. காலி வீதியில் மேல்தட்டு முன்சீற்றுக்கு நாங்கள் அடிபட்டதெல்லாம் வேறு கதை.

கணக்குத் தம்பி, நீர் முந்தி நடத்துநர் மாதிரி இருந்தீர். தரிப்பிடத்துக்கு நடை, பஸ்ஸில் நிலை, ஒஃபிஸ் படி. இப்போது சாரதி ஆகிவிட்டீர், அதுவும் பஸ் இல்லாத சாரதி.

சந்தேகக்கோடாலி · திங்கள், இரவு 8.22

ஐயா, கதை நல்லாயிருக்கு. ஆனால் ஏற்கெனவே உடம்பு பெருத்தவர்கள்தான் இருந்து செய்கிற வேலையைத் தேடிப் போயிருக்கலாமே? வேலை உடம்பைக் கெடுத்ததா, உடம்பு வேலையைத் தெரிந்ததா?

நடை ராசா · திங்கள், இரவு 9.03

கோடாலிக்கு ஒரு சபாஷ். மொரிஸின் ஆக்களுக்கும் இதே சந்தேகம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? கம்பனி சீருடை தைத்துக்கொடுத்த ஏட்டை எடுத்துக் காற்சட்டை இடுப்பளவைப் பார்த்தார்கள். சாரதிமாரின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. 1956இல் அதையும் மறைக்காமல் எழுதினார்கள். ஆகவே உமது கேள்வி பாதி சரி. அதற்குப் பிறகு எழுபது வருசமாக வேறு வேலைகளில், வேறு நாடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. நடக்கிற பக்கம்தான் வெல்கிறது.

கொட்டாஞ்சேனைக்காரி · செவ்வாய், இரவு 10.30

எல்லாரும் உக்காந்திருக்கவங்களப் பத்தியே பேசுறீங்க. நான் புறக்கோட்டையில துணிக்கடையில நிக்கிறவ. காலையில ஒன்பதுல இருந்து ராவு ஏழு வரைக்கும் நின்னபடி. உக்காந்தா மொதலாளி மொறைப்பாரு. அப்ப எனக்கு அழற்சியே இருக்கக் கூடாதுல்ல? கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா நிக்குது.

எங்க அம்மா ஹட்டன் பக்கம் தோட்டத்துல முப்பது வருசம் கொழுந்து பறிச்சாங்க. மலை ஏறி எறங்குறதுதான் பொழப்பே. நீங்க சொல்ற ஒடற்பயிற்சி அவங்களுக்குக் கொறைவா? ஆனா மழை சீசன் வந்தா சளி, காச்சல், இருமல். கிளினிக்ல எப்பவும் ‘ரத்தம் காணாது’ன்னுதான் எழுதுவாங்க. காலையில கோதம்ப மா ரொட்டி, பச்ச மொளகா சம்பல், பிளேன்டீ. மத்தியானமும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆய்வுகூடத்தான் · செவ்வாய், இரவு 11.48

அக்கா, இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் பெரியது.

நிற்பது இருப்பதில்லை, ஆனால் நடப்பதும் இல்லை. தசை சுருங்கி விரிய வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காலில் இரத்தம் தேங்கி நாளம்தான் புடைக்கும். கடையில் குதியைத் தூக்கி இறக்குவது, துணிக்கட்டை எடுக்கிற சாட்டில் நாலு அடி நடப்பது, இரவில் காலை உயர்த்திப் படுப்பது, நெருக்கமான காலுறை. முடிச்சுகளைக் கிளினிக்கில் ஒருக்கால் காட்டுங்கோ.

அம்மா விசயம் வேறு. உழைப்பு நிறைய இருந்தது, கட்டுமானப் பொருள் இல்லை. வெண்குழியங்கள் பெருகவும், பிறபொருளெதிரிகள் செய்யவும் புரதம் வேண்டும், இரும்பு, துத்தநாகம், உயிர்ச்சத்து ஏ வேண்டும். கோதுமை மா ரொட்டியில் வயிறு நிறையும், அவ்வளவுதான். அதோடு பிளேன்டீயைச் சாப்பாட்டோடு குடித்தால் தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.

இன்னொன்று: நாட்பட்ட அழற்சி இருக்கும்போது ஈரல் ஹெப்சிடின் என்ற பொருளை விட்டு, இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் பூட்டிவைக்கும். இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிற்றின் பரிசோதனையில் இரும்பு இருக்கிற மாதிரித் தெரியும், இரத்தம் மட்டும் குறைவாக இருக்கும். சி.ஆர்.பி.யும் ஃபெரிற்றினும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான்.

கொட்டாஞ்சேனைக்காரி · புதன், காலை 6.15

டீய சாப்பாட்டோட குடிக்காதீங்கன்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலியே. அதுவும் தேயில பறிக்கிறவங்களுக்கு.

ஓட்டக்காரன் · புதன், மதியம் 12.40

என் பிரச்சினை தலைகீழ். கிழமைக்கு 60 கிலோமீற்றர் ஓடுறேன். சுதந்திர சதுக்கத்துல காலையில அஞ்சு மணிக்கே நிப்பேன். ஆனா ஒவ்வொரு மரதனுக்கும் அப்புறம் தொண்டை நோவு. ஓட்டம் எதிர்ப்பு சக்தியை அடிச்சுப் போடுதுன்னு எங்க குரூப்ல எல்லாருமே நம்புறாங்க.

ஆய்வுகூடத்தான் · புதன், இரவு 9.20

நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 1987 லொஸ் ஏஞ்சலஸ் மரதனில் ஓடியவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த கிழமையில் சளி, தொண்டை நோவு என்றார்கள். பயிற்சி செய்தும் வேறு காரணத்தால் ஓடாதவர்களில் 2.2 சதவீதம்தான். ஓடி முடிந்து ஒரு சில மணித்தியாலத்தில் இரத்தத்தை எடுத்தால் வெண்குழியங்களில் ஒரு வகை கிடுகிடுவென்று குறைந்திருக்கும். ‘யன்னல் திறந்திருக்கிறது, கிருமி நுழையும்’ என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

2018இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் இதை எதிர்த்து எழுதினார்கள். அந்தக் கலங்கள் சாகவில்லை, இரத்தத்தை விட்டு நுரையீரலுக்கும் குடலுக்கும் காவலுக்குப் போயிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். தொண்டை நோவு என்று வாயால் சொன்னதை எல்லாம் கிருமித் தொற்று என்று எடுக்கவும் கூடாது என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. மரதனுக்கு முந்தின இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டீர்கள்? ஆயிரம் பேருக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றீர்களா? முதலில் அதைப் பாருங்கோ.

நித்திரை என்றதும் கணக்கு அண்ணைக்கும் ஒன்று. 2009இல் 153 பேரின் மூக்கில் தடிமன் வைரஸைத் துளித் துளியாக விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணித்தியாலத்துக்குக் குறைய நித்திரை கொண்டவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணித்தியாலம் கொண்டவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கணக்குப்பிள்ளை · புதன், இரவு 11.55

ம்ம். இதை எழுதுற நேரத்தைப் பாத்துச் சிரிக்காதேங்கோ.

நடை ராசா · வியாழன், காலை 6.50

தடிமனுக்கும் நடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது தம்பி. அமெரிக்காவில் 1,002 பேரை 12 கிழமை பார்த்தார்கள். கிழமைக்கு ஐந்து நாளோ கூடவோ உடம்பை அசைத்தவர்களுக்கு, அசையாதவர்களைவிடத் தடிமன் நாட்கள் 43 சதவீதம் குறைவு. 2011இல் வந்தது. எனக்கு இன்னும் பிடித்தது 2018இல் இங்கிலாந்தில் வந்தது: 55 தொடக்கம் 79 வயது வரையான 125 சைக்கிளோட்டிகள். நெஞ்சுக்குள் தைமஸ் என்றொரு சுரப்பி, ரி-கலங்கள் என்ற வெண்குழியங்களைப் பழக்கி அனுப்புகிற பள்ளிக்கூடம். வயது போகப் போக அது சுருங்கும். இந்தக் கிழடுகளுக்கு இளம் ஆக்கள் அளவுக்குப் புது ரி-கலங்கள் வந்துகொண்டிருந்தன.

சந்தேகக்கோடாலி · வியாழன், காலை 9.30

அவர்கள் பத்துக்கணக்கான வருசமாகச் சைக்கிள் ஓடியவர்கள், ஐயா. கணக்கர் நாளைக்கு மரைன் டிரைவில் ரெண்டு நடை நடந்து தைமஸை எழுப்ப ஏலாது.

நடை ராசா · வியாழன், காலை 9.44

ஏலாதுதான். அதற்காகக் கதிரையில் இருந்து தைமஸ் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

தெமட்டகொடை நானா · வியாழன், இரவு 8.15

யாருமே சாப்பாட்டப் பேசல்லயே. நான் பேசுறன். நோன்பு மாசம் பகல் பூரா பட்டினி, ஆனா பெருநாளைக்குக் களிசான் பொத்தான் பூட்ட ஏலாது. இஃப்தாருக்கு சமோசா, கட்லட், ரோல்ஸ், சிவப்புச் சர்பத்து. நோன்புக் கஞ்சி ஒண்டுதான் மேசையில உருப்படியான சாமான், அதத்தான் அரைக் கோப்பையோட நிப்பாட்டுவோம். போன நோன்புக்கு உம்மா திட்டம் மாத்தினா. ஈத்தம்பழம், ரெண்டு கோப்பை கஞ்சி, தொழுகைக்குப் பொறகுதான் மத்ததெல்லாம். பசி அடங்கினாப் பொறகு ரோல்ஸப் பாத்தா அவ்வளவு ஆசையா இல்ல.

சோடா வாங்கினா போத்தல்ல ஈக்கிற நிறத்தப் பாருங்க. 2016ல இருந்து போடுறாங்க. நூறு மில்லிலீற்றர்ல 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2க்குக் கீழ பச்சை. எங்கட வீட்டுப் பிள்ளைகள் சிவப்புத்தான் ருசின்னு தேடி எடுக்குதுகள், அது வேற.

ஆய்வுகூடத்தான் · வியாழன், இரவு 10.40

நானாட உம்மா செய்ததுதான் சரியான வைத்தியம். தனி ஒரு ‘அழற்சி நீக்கி’ உணவைத் தேடாதேங்கோ. நார்ச்சத்தை எங்கட குடல் சமிக்காது, குடல் பக்ரீறியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூற்றிரேற் போன்ற கொழுப்பமிலங்களாக்கும். அவைதான் குடற்சுவரைக் கட்டி வைத்திருக்கும், வெண்குழியங்களில் ‘போதும், நிப்பாட்டு’ என்று சொல்கிற பிரிவை வளர்க்கும். பாணிலும் நூடில்ஸிலும் அதற்குத் தீனி இல்லை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராம் நார் என்கிறது. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, பருப்பு, கௌபி, குரக்கன் பிட்டு, தவிடு போகாத சிவப்பரிசி. மீனில் சாளை, சூடை. விலையும் குறைவு, ஒமேகா-3 கொழுப்பும் கூட. வெள்ளவத்தைச் சந்தையில் இதெல்லாம் கிடைக்கும், பவுடரை விட மலிவு.

இப்போது ரீ. அண்ணை நாளுக்கு எத்தனை, எத்தனை கரண்டி?

கணக்குப்பிள்ளை · வியாழன், இரவு 10.52

ஆறு. ரெண்டு ரெண்டு கரண்டி. தலை தட்டாமல்.

ஆய்வுகூடத்தான் · வியாழன், இரவு 11.01

தட்டியே கணக்குப் போடுவோம். 12 கரண்டி, நாலு கிராம் படி 48. நாளுக்கு 25ஓடு நின்றால் நல்லது என்கிறார்கள். கணக்கு உங்கட தொழில், நான் சொல்லத் தேவையில்லை.

பவுடருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மஞ்சளில் வேலைசெய்கிற பொருள் என்று சொல்கிற குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான், அதுவும் குடலில் சரியாக ஏறாது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு ஏறும் என்று 1998இல் பெங்களூரில் காட்டினார்கள். விற்கிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதே பைப்பரின் வேறு மருந்துகளையும் உடம்பு கழிக்கவிடாமல் மறிக்கும். செறிவான மஞ்சள் குளிசைகளால் ஈரல் பழுதான ஆக்கள் இத்தாலி, அவுஸ்திரேலியா, அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். வார்ஃபரின் போடுகிற அம்மாவுக்கு அந்தப் போத்தல் வேண்டவே வேண்டாம். கறிக்குப் போடுகிற மஞ்சளுக்குப் பயமில்லை. கீரையைக்கூட அவவுக்கு ஒரு கிழமை மலையாகவும் அடுத்த கிழமை இல்லாமலும் குடுக்காதேங்கோ, உயிர்ச்சத்து கே கூடிக் குறைந்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். அளவு ஆடும்.

‘மூட்டு வலி ரெண்டே நாளில் பறந்தது’ என்று யாரும் ஒரு மூலிகைத் தூளைப் புகழ்ந்தால் இன்னும் கவனம். அப்படியான தூள்களில் ஸ்ரெரொயிட் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, ‘அழற்சியைக் குறைத்து எதிர்ப்பைக் கூட்டும்’ என்ற விளம்பரம். அழற்சி என்பதே நோயெதிர்ப்பின் கைதானே. 2017இல் பத்தாயிரம் இருதய நோயாளிகளுக்கு மேல் ஒரு பெரிய பரிசோதனை. அழற்சிச் செய்தி ஒன்றை மறிக்கிற ஊசி போட்டார்கள். கொலஸ்ட்ரோல் குறையவேயில்லை, ஆனாலும் மாரடைப்புக் குறைந்தது. அழற்சியும் இருதயமும் தொடர்பு என்பது உறுதியானது. ஆனால் கிருமித் தொற்றில் செத்தவர்கள் கூடினார்கள். கையைக் கட்டிவிட்டால் கள்ளனையும் அடிக்க ஏலாது. நடை அப்படிக் கட்டுவதில்லை. தேவையில்லாமல் தூக்கிய கையை இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான்.

நடை ராசா · வெள்ளி, காலை 5.05

கணக்குத் தம்பி, கிழமைக்கு 150 நிமிசம் விறுவிறு நடை. இரண்டு நாள் தசைக்கு வேலை, அதற்கு ஜிம் வேண்டாம்; கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருந்தாலே தொடை நடுங்கும். சாப்பிட்டவுடன் படுக்காமல் பத்து நிமிசம் நடந்தால் சீனி ஏற்றம் தணியும். வேலைக்கு நடுவில் இருபது நிமிசத்துக்கு ஒருமுறை எழும்பி இரண்டு நிமிசம் வீட்டுக்குள் நடவும். ரீயை நீரே போடும், மனிசி கொண்டுவர விடாதேயும். நான் ஐந்தரைக்கு மரைன் டிரைவ். பாணந்துறைக் கோச்சி போகிற நேரம் கால்வாய்ப் பக்கம் திரும்புவேன். வாரும்.

கணக்குப்பிள்ளை · ஏழு கிழமைக்குப் பிறகு, சனி, காலை 8.10

மறந்திட்டன் எண்டு நினைச்சிருப்பியள். பல்லுப் பிடுங்கியாச்சு. சி.ஆர்.பி. ரெண்டு தரம் பாத்தன், 3.4, பிறகு 3.1. இடுப்பு 95. ரீ மூண்டு, ஒவ்வொரு கரண்டி. முதல் கிழமை ராசா ஐயாவுக்குப் பின்னால மூச்சிரைக்க ஓடினது உண்மை. 71 வயதுக்காரர் கதைச்சுக்கொண்டே போறார், எனக்கு ‘ஓம்’ சொல்லக்கூட மூச்சில்லை. தடிமன் ஒருக்கால் வந்தது, மூண்டு நாளில போட்டுது.

போத்தலை உடைக்காமல் திருப்பிக் குடுத்தன். மனிசியின்ர சொந்தக்காரர் இப்ப எங்களோட கதைக்கிறதில்லை. 6,500உம் வரேல்லை.

ஆய்வுகூடத்தான் · சனி, காலை 9.25

சந்தோசம் அண்ணை. ஆனால் 11.8இல் இருந்து 3.1 என்று ஊருக்குச் சொல்லித் திரியாதேங்கோ, அந்த இறக்கத்தில் பெரும்பங்கு பல்லுக்குரியது. உங்கட உண்மையான தொடக்கம் 3.4. ஆறு மாதம் கழித்து இடுப்போடும் சீனியோடும் சேர்த்துப் பார்ப்போம்.

சந்தேகக்கோடாலி · சனி, காலை 9.31

நான் எழுத இருந்ததை அவர் எழுதிட்டார்.

கணக்குப்பிள்ளை · சனி, இரவு 7.50

ஐயா, நாளைக்கு அஞ்சரைக்கு வர ரெண்டு நிமிசம் பிந்தும். லிஃப்ட் பழுதாம், கீழ நோட்டீஸ் ஒட்டியிருக்கினம். சாமான் வெளிநாட்டில இருந்து வர மூண்டு கிழமை செல்லுமாம்.

நடை ராசா · சனி, இரவு 7.58

ஆறு மாடி, மாடிக்கு இருபது படி என்று வைத்தாலும் 120. நாளுக்கு நாலு தரம் ஏறினால் 480. இன்னும் ஒரு தரம் ஏறும் தம்பி, நடத்துநர் உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிடும்.